திட்டுற மிஷின்

மருதாசலம் அனுப்புனானா உங்களை? இல்லையா? அப்ப உள்ள வாங்க. அவன் அனுப்பியிருந்தா வாசல்லயே நிறுத்திப் பேசி அனுப்பியிருப்பேன். அந்தச் சேர்ல உக்காராதீங்க தம்பி, கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் வேணுமா? வேண்டாமா? சரி, கரண்ட்டு மிச்சம்.

காலேஜ்ல இருந்து வர்றீங்க. பழைய மிஷினெல்லாம் சேத்து வெச்சு ஒரு ஹால் கட்டறீங்க. பொள்ளாச்சி காயலாங்கடையில ஒண்ணு கெடைச்சுது, திட்டுற மிஷின். பெட்டிக்குப் பெயின்ட் அடிச்சாச்சு, உள்ள டிவி ஓடுது, ஆட்டம் ஆடுது. ஆனா வாய் பேச மாட்டேங்குது. குரல் வர்ற சிப்பு இருந்த எடம் காலியா இருக்குது. அதுக்கு நான் வந்து மறுபடியும் பேசிக் குடுக்கணும். அவ்வளவுதானுங்களே விசயம்?

முடியாது.

இருங்க இருங்க, எந்திரிக்காதீங்க. முடியாதுன்னா ஒடனே எந்திரிச்சுடறதா? இந்தக் காலத்துப் பசங்களுக்கு முடியாதுங்கற வார்த்தையோட மரியாதையே தெரியறதில்லை. முடியாதுன்னா, ஏனுங்கண்ணா முடியாதுன்னு கேக்கணும். நான் சொல்லணும். நீங்க கெஞ்சணும். அதுக்கெல்லாம் ஒரு மொறை இருக்குதுங்க. கேளுங்க.

பேருங்க. எனக்கு வேண்டியது பேரு.

போன மாசம் ஒரு பத்திரிகையில அந்த மருதாசலம் போட்டோ போட்டிருந்தாங்க. பாத்தீங்களா? ‘அந்தக் காலத்துலயே வீடியோ கேம் செஞ்ச கோயமுத்தூர்க்காரர்’னு. முழுப் பக்கம். முடியெல்லாம் கொட்டிப்போயி, கண்ணாடி போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி ஒரு சிரிப்பு. பக்கம் பூரா படிச்சேன். என்ற பேரு எங்கயாச்சும் ஒரு மூலையில? ம்ஹூம். பாப்பாத்தியையும் படிக்கச் சொன்னேன், எனக்குக் கண்ணு சரியில்லையோன்னு. அவளும் இல்லைன்னுட்டா. பாப்பாத்தி யாருன்னா என்ற சம்சாரம். உள்ள இருக்கறா. ஏம்புள்ள, காலேஜ்ல இருந்து ஆள் வந்திருக்குது, காப்பி வை!

நீங்க அவனைப் பாத்தீங்களா? பாத்துட்டுத்தான் வர்றீங்களா! என்ன சொன்னான்? குரல் யாரோடதுன்னு கேட்டீங்களா? என்ன? ‘ஞாபகம் இல்லை’யா? சிரிச்சானா?

பாத்தீங்களா. இத்தனை வருசம் கழிச்சும். ஞாபகம் இல்லையாம்!

பழைய பவுண்டரி ஆளுங்கதான் சொன்னாங்களா, குரல் திருமூர்த்தியோடதுன்னு? அதைச் சொன்னீங்களே, உங்களை உள்ள விட்டது வீண் போகலை.

கேளுங்க. கோயமுத்தூர் கணபதியில சென்னியப்பன் பவுண்டரின்னா அந்த நாள்ல தெரியாத ஆளில்லை. பம்புசெட்டுக்கு பாடி வார்க்கறது. நான் அங்க மோல்டர். மணல்ல அச்சு எடுத்து வெப்போம், உருக்குன இரும்பைக் கரண்டியில வாங்கிட்டு வந்து ஊத்துவோம். சென்னியப்பன்னா எங்க மொதலாளி, பெரியவருன்னு சொல்லுவோம். இந்த மருதாசலம் அவருக்கு மாப்பிள்ளை. அவருக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு; அந்தப் பொண்ணைக் கட்டினவன். எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன். பவுண்டரிப் பக்கம் வரமாட்டேன், மணல் தூசி ஒத்துக்காதுன்னுட்டான். பெரியவரு என்ன பண்ணுவாரு? மாப்பிள்ளையாச்சே. பவுண்டரிக்குப் பின்னால ஒரு ஷெட்டைக் காலி பண்ணிக் குடுத்து, பேங்குலயும் தானே கையெழுத்துப் போட்டு, ‘நீங்க உங்க இஷ்டப்படி தொழில் பண்ணுங்க மாப்ளை’ன்னுட்டாரு.

இப்ப பெரியவரோட குரலைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். அவருக்கு ரெண்டு குரலுங்க. ஒண்ணு எங்களுக்கு. ஒண்ணு மாப்பிள்ளைக்கு. எங்களுக்கு எப்படின்னா, தொண்டையில மணலைப் போட்டு அரைச்ச மாதிரி, மூக்குல பாதி, நெஞ்சுல பாதி, ‘டேஏஏய்’னு ஆரம்பிச்சார்னா உலையில கிடக்கற இரும்பு தானா உருகும். திட்டிட்டே இருப்பாரு. அப்ப மாப்பிள்ளை வாசல்ல கால் வெப்பான் பாருங்க… ‘டேய் தடிமாட்டுப் பயலே, உனக்கெல்லாம் எவன்டா கரண்டி குடுத்… வாங்க மாப்ளை! சாப்ட்டீங்களா? பாப்பா நல்லாருக்குதுங்களா?’

அதே மூச்சுலங்க. நடுவுல மூச்சுகூட வாங்க மாட்டாரு.

அதனால மருதாசலத்துக்கு மாமனாரோட வேலைக்குரல் தெரியாது. அவன் காதுல ஒரு தடவைகூட விழுந்ததில்லை. மாப்பிள்ளை முன்னால எந்த மாமனாராச்சும் கத்துவாங்களா நம்ம ஊர்ல? இதை நான் இப்பச் சொல்றேன். அப்ப எனக்கு அது தோணலைங்க. தோணணும்னு என்ன சட்டம்?

எனக்குக் குரல் வருமுங்க. சின்னதுல இருந்தே. ரயிலு, நாயி, ரேடியோக்காரர், பஸ் ஸ்டாண்ட்ல சீட்டுப் போடறவன், எல்லாம் வரும். ஆயுத பூசைக்கு பவுண்டரியில மேடை போட்டா நான்தான். பெரியவரு முன்னால ரயிலு பண்ணுவேன், நாயி பண்ணுவேன். பெரியவரை எங்க பண்ணுவேன்னா, டீக்கடையில. அவரு இல்லாதப்ப, பொறத்தால. ஆளுங்க கிளாசைக் கீழ வெச்சுட்டு வயித்தைப் புடிச்சுட்டு உக்காந்துருவாங்க. பெரியவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அவ்வளவுதான். இப்படித்தான் ஆறுச்சாமின்னு ஒருத்தன், பெரியவரு மாதிரி நடந்து காட்டினான். வெறும் நடைதான். யாரோ போயி வத்தி வெச்சுட்டாங்க. அன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கினாரு. தூக்கினது பெருசில்லைங்க, கணபதியில ஒரு பவுண்டரியும் அவனைச் சேத்துக்கலை. கடைசியில சோமனூருக்குத் தறி ஓட்டப் போனான்.

அது கெடக்கட்டும். ஆட்டத்துக்கு வர்றேன்.

மருதாசலம் மெட்ராசுக்குப் போயிட்டு வந்தான். அங்க வெளிநாட்டு வீடியோ கேமெல்லாம் பாத்துருக்கான். ராக்கெட்டு வருமாம், பூச்சி வருமாம், சுடணுமாம். ‘நம்ம ஊருக்கு ராக்கெட்டு எதுக்கு? நம்ம ஊரு ஆட்டம் பண்றேன்’னு ஷெட்டுக்குள்ள பூந்துட்டான். மாசக்கணக்கா சால்டரிங் நாத்தம். கடைசியில ஒரு பெட்டி செஞ்சான். ப்ளைவுட்டுப் பெட்டி, உள்ள கறுப்பு வெள்ளை டிவி. மேல ஒரு உலை இக்கட்டாலயும் அக்கட்டாலயும் ஓடும். அதுல இருந்து இரும்புச் சொட்டு விழும். கீழ ஒரு கரண்டி. குமிழைத் திருகுனா கரண்டி நகரும். சொட்டைப் புடிக்கணும். விட்டா போச்சு. கறுப்பு வெள்ளை டிவியில உருகுன இரும்போட ஆரஞ்சு எப்படி வரும்? டிவி கண்ணாடி மேல ஆரஞ்சு ஜெலட்டின் பேப்பரை ஒட்டி விட்டுட்டான். சொட்டு அதுக்குள்ள வரும்போது தகதகன்னு இருக்கும்.

சரி, அது நல்லாத்தான் இருந்துது. இல்லைங்கலை.

அப்பறம் என்னைக் கூப்பிட்டான். ‘திருமூர்த்தி, மிஷின் பேசணும், நீ குரல் குடு’ன்னான். நான் ‘சரிங்க சார்’னேன். சாருன்னுதான் கூப்புடுவேன் அவனை. ஷெட்டுல பவுண்டரி உலைக்குக் காத்து ஊதற புளோயர் சத்தம் கேக்கும், ரெக்கார்டு ஆகாது. அதுக்கு என் தலை மேல கனமான கம்பளியைப் போத்தி, டேப் ரெக்கார்டரையும் உள்ள தள்ளி விட்டான். வேர்த்து ஊத்துது. எழுதிக் குடுத்ததைப் படிச்சேன். ‘தாங்கள் தோல்வியடைந்துவிட்டீர்கள். அருள்கூர்ந்து மீண்டும் முயலுங்கள்.’ ரேடியோக்காரர் குரல்ல.

காந்திபுரத்துல ஒரு கூல்ட்ரிங்ஸ் கடையில கொண்டுபோயி வெச்சான். வந்தாங்க, ஒரு ஆட்டம் ஆடினாங்க, சர்பத் குடிச்சாங்க, போயிட்டாங்க. அருள்கூர்ந்து யாரும் மீண்டும் முயலலை. கடைக்காரரு அது மேல வாழைத்தாரு வெக்க ஆரம்பிச்சுட்டாரு.

மருதாசலம் மூஞ்சி தொங்கிப்போச்சு. ‘கொஞ்சம் காரமா ஏதாச்சும் பேசு திருமூர்த்தி. நீயாப் பேசு. ஆனா சிப்புல எடம் கம்மி, ரத்தினச் சுருக்கமா இருக்கணும்’னான். மறுபடியும் கம்பளி. உள்ள இருட்டு. வேக்காடு. உலை முன்னால நிக்கற மாதிரியே இருந்துதுங்களா, தானா வந்துருச்சு. பெரியவரு வந்துட்டாரு. காசு போட்டா, ‘வந்துட்டாருய்யா தொரை!’ சொட்டு விட்டா, ‘கண்ணைப் பொடனியிலயாடா வெச்சிருக்க?’ தோத்துட்டா, ‘போடா, போயி எருமை மேய்டா!’

ஜெயிச்சா ஒண்ணும் சொல்லாது. சிப்புல எடமில்லை. பெரியவரும் அப்படித்தானுங்க.

கம்பளியை எடுத்தா, மருதாசலம் விழுந்து விழுந்து சிரிக்கறான். ‘யாருப்பா இது? எங்க புடிச்ச இந்தக் குரலை?’ங்கறான். நான் சொன்னேன், ‘தானா வந்துதுங்க சார்.’

சொல்லியிருக்கணுமா? எதுக்குங்க? அவன் மாமனாரு குரல் அவனுக்குத் தெரியாதுன்னு நான் கனவா கண்டேன்? அவனுக்குத் தெரிஞ்சுதான் சிரிக்கறான்னு நெனைச்சேன். நெனைச்சேனா? நெனைச்சிருப்பேன்.

என்ன புள்ள? நீ அடுப்பைப் பாரு. தம்பி, அவ சொல்றதை எழுதாதீங்க.

அதுக்கப்பறம் பாருங்க. ஷிப்டு முடிஞ்சு எங்க ஆளுங்க நாலு பேரு மணலும் புகையுமா காந்திபுரத்துல பஸ் ஏறப் போனாங்க. கூல்ட்ரிங்ஸ் கடையில இருந்து பெரியவரு குரல்! ‘கண்ணைப் பொடனியிலயாடா வெச்சிருக்க?’ நாலு பேரும் அட்டென்சன்ல நின்னுட்டாங்களாம். ஒருத்தன் பீடியைக் கால்ல போட்டு மிதிச்சிருக்கான். அப்பறம் எட்டிப் பாத்தா பெட்டி!

மறுநாள் எங்க ஷிப்டு பூரா அங்கதான். அதுக்கு மறுநாள் பக்கத்து பவுண்டரி. பஸ்ஸை விட்டுட்டு ஆடினாங்க. ஆட்டம் என்னன்னு நெனைக்கறீங்க? சொட்டைப் புடிக்கறதில்லைங்க. பெரியவரு வாயைத் தொறக்க விடாம பண்றது! அதான் ஆட்டம். ஒருத்தன் நல்லா ஆடிட்டே போனான்னா, சுத்தி நிக்கறவங்க மூச்சு விட மாட்டாங்க. ‘இன்னும் வாயைத் தொறக்கலைடா, இன்னும் வாயைத் தொறக்கலைடா’ன்னு. வேலையில ஒரு நாள் முடியுமா அது? இங்க முடிஞ்சுது. சில பேரு வேணும்னே தோப்பாங்க, திட்டு கேக்கறதுக்கு. திட்டு வந்ததும் திருப்பித் திட்டுவாங்க. அங்க திட்ட முடியாததெல்லாம் பெட்டியைப் பாத்துத் திட்டுவாங்க. காதுல வாங்க முடியாதுங்க, கூல்ட்ரிங்ஸ் கடைக்காரரு பொண்டாட்டியைக் கடைக்கே வர விடலை.

இதெல்லாம் யாரால? சொல்லுங்க தம்பி. யாரால?

அந்த மருதாசலம் என்ன சொன்னான் தெரியுமா? ‘பாத்தியா திருமூர்த்தி, ஆரஞ்சு கலரு நல்லா எடுத்துருச்சு.’ ஆரஞ்சு கலராம்! ஜெலட்டின் பேப்பரைப் பாக்கத்தான் பவுண்டரியே தெரண்டு வந்துதாம்!

திருப்பூருக்குப் போச்சு. அங்க ‘எங்க பனியன் கம்பெனிக்காரரு மாதிரியே இருக்குது’ன்னாங்க. ஈரோட்டுல மஞ்சள் மண்டிக்காரரு மாதிரி இருக்குதுன்னாங்க. சேலத்துல ஒருத்தன் எங்க எட்டாங்கிளாஸ் வாத்தியாருன்னு அழுதே போட்டான். எல்லா ஊர்லயும் ஒரு பெரியவரு இருக்காருங்க. ஷெட்டுல ராப்பகலா தச்சு வேலை நடக்குது. வரிசையா பெட்டி. மிஷினுக்கு அவன் இங்கிலீஷ்ல ஏதோ பேரு எழுதி வெச்சான். யாரு சொன்னா அந்தப் பேரை? ‘திட்டுற மிஷின் வந்துருச்சா?’ அவ்வளவுதான் எல்லாரும் கேட்டது. திட்டுனது யாரு? நானு.

கேட்டேனுங்க நானும். வாயைத் தொறந்து கேட்டேன். ‘சார், பெட்டி மேல குரல் திருமூர்த்தின்னு ஒரு வரி எழுதுங்க’ன்னேன். அதுக்கு என்ன சொன்னான்? ‘வேண்டாம் திருமூர்த்தி. நீ பவுண்டரி ஆளு. வேலை நேரத்துல இங்க வந்து பேசிட்டிருந்தேன்னு மாமா நெனைச்சுருவாரு. உனக்குத்தான் சங்கடம்.’ எனக்குச் சங்கடமாம்! என்ன அக்கறை பாருங்க! என்ற பேரு வெளிய வரக்கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டான். அதுக்கு இப்படி ஒரு சாக்கு.

காப்பி எடுத்துக்கங்க. சக்கரை கம்மியாத்தான் இருக்கும். அவ கை அப்படி.

இனிமேத்தான் விசயமே. வ.உ.சி. மைதானத்துல பொருட்காட்சி போட்டாங்க. ராட்டினம், அப்பளம், மரணக்கிணறு எல்லாம். மருதாசலம் பெருசா ஸ்டால் எடுத்தான். வரிசையா மிஷின், மேல சீரியல் பல்பு. தொறந்து வெக்கறது யாரு? மாமனாரு. பெரியவரு. வெள்ளை வேட்டி, சரிகைத் துண்டு. பவுண்டரி ஆளுங்களுக்கு அன்னைக்கு அரை நாள் லீவு. எல்லாரும் வந்து பின்னால நிக்கறோம். நான் முன்வரிசை. பாப்பாத்தி அன்னைக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக் குடுத்திருந்தா. எதுக்கு? இன்னைக்குத் தெரிஞ்சுரும்ல, யாரு குரல்னு. ஊருக்கே தெரிஞ்சுரும்ல.

பின்னால நின்ன ஆளுங்க மூஞ்சியெல்லாம் வெளிறிப்போச்சு. ‘டேய் திருமூர்த்தி, ஓடிப்போயிருடா’ன்னு ஒருத்தன் என் சட்டையைப் புடிச்சு இழுக்கறான். பொறாமைங்க. நான் தட்டி விட்டேன்.

பெரியவரு ரிப்பனை வெட்டினாரு. மருதாசலம் காசை எடுத்துக் குடுத்தான். ‘மொத ஆட்டம் நீங்கதான் மாமா.’ பெரியவரு சிரிச்சுட்டே போட்டாரு.

‘வந்துட்டாருய்யா தொரை!’

பெரியவரு திரும்பிப் பாத்தாரு. யாரோ பின்னால இருந்து கூப்பிட்டாங்கன்னு. யாருமில்லை. சரின்னு குமிழைப் புடிச்சாரு. உலையில கரண்டி தூக்கின கையி, அது குமிழ்ல நிக்குமா? மொதச் சொட்டே கீழ.

‘கண்ணைப் பொடனியிலயாடா வெச்சிருக்க?’

அசையலைங்க அவரு. கையி குமிழ் மேலயே இருக்குது. சொட்டு பாட்டுக்கு விழுது. ஒண்ணு, இன்னொண்ணு. ஆட்டம் முடிஞ்சுது.

‘போடா, போயி எருமை மேய்டா!’

யாரும் சிரிக்கலை. பெரியவரு துண்டை எடுத்து மொகத்தைத் தொடைச்சாரு. திரும்பினாரு. கத்துவாருன்னு நெனைச்சீங்களா? கத்தலை. அந்த இன்னொரு குரலுங்க. மாப்பிள்ளைக் குரல். தேன் மாதிரி.

‘மாப்ளை… இது யாருங்க பேசுனது?’

அப்ப மருதாசலம் மூஞ்சியைப் பாக்கணுமே. பெட்டியைப் பாக்கறான். மாமனாரைப் பாக்கறான். பின்னால நின்ன எங்க ஆளுங்களைப் பாக்கறான். அவனுங்க எல்லாம் தரையைப் பாக்கறானுங்க. அப்பறம் என்னைப் பாத்தான். ஒரு பார்வை. நான் காலரைச் சரி பண்ணிட்டு அரை அடி முன்னால வெச்சுட்டேன். நாக்கு நுனிக்கு வந்துருச்சு, ‘நான்தானுங்க’ன்னு. வாயைத் தொறக்கறேன்…

‘நான்தானுங்க மாமா’ன்னான் அவன்.

அவனுங்க! மருதாசலம்! ‘நான்தானுங்க மாமா, சும்மா வெளையாட்டுக்குப் பேசிப் பாத்தேன்’னான். எல்லார் முன்னாலயும். கூசாம. என் கண்ணு முன்னால என்ற குரலைத் தூக்கித் தன் பாக்கெட்டுல போட்டுக்கிட்டான்! அவனுக்குப் பூனை மாதிரிகூடக் கத்த வராதுங்க. பின்னால அத்தனை ஆளுங்க இருந்தாங்க, எல்லாருக்கும் தெரியும் யாரு குரல்னு. ஒருத்தனாச்சும் ‘இல்லைங்க பெரியவரே, இது நம்ம திருமூர்த்தி’ன்னு சொன்னானா? ஒருத்தன்? என் கையைப் புடிச்சு பின்னால இழுத்து, ஒருத்தன் என் வாயையே பொத்திட்டான். அவ்வளவு பொறாமை.

பெரியவரு என்ன சொன்னாரு? ‘நல்லாருக்குதுங்க மாப்ளை.’ அவ்வளவுதான். துண்டைத் தோள்ல போட்டாரு, நடந்து போயிட்டாரு.

எங்களைன்னா திட்டியிருப்பாரு. மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா? ஒரு கடுஞ்சொல் சொல்லலைங்க அவனை, சாகற வரைக்கும். காலையில ஷெட்டுக்குத் தன் பூட்டைப் போட்டாரு. பேங்குல போட்ட கையெழுத்தை வேண்டாம்னுட்டாரு. பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லைன்னு ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரு, ரொம்ப நாள் கழிச்சுத்தான் அனுப்பினாரு. எல்லாமே ‘மாப்ளை, மாப்ளை’ன்னு மரியாதையாவே.

மருதாசலம் என்ன பண்ணான் தெரியுமா? ஊர் ஊராப் போனான். திருப்பூர், ஈரோடு, சேலம், பொள்ளாச்சி. ஒவ்வொரு மிஷினையும் தொறந்து அந்தச் சிப்பை மட்டும் புடுங்கிட்டு வந்தான். ‘மாமா மனசு இனியும் நோகக்கூடாது’ன்னானாம். உங்க பெட்டியில எடம் காலியா இருக்குதுன்னீங்களே, அது அவன் கையால புடுங்கினது. என்ற குரலை! வாயில்லாத பெட்டியை எவன் ஆடுவான்? திரும்பவும் வாழைத்தாரு வெச்சாங்க. கம்பெனி படுத்துருச்சு. இப்ப சூலூர்ல டிவி ரிப்பேர் பண்றான். நல்லா வேணும்.

எனக்கா? எனக்கு என்னங்க ஆச்சு? ஒண்ணும் ஆகலை. அதே பவுண்டரியில ரிட்டயர் ஆனேன். அந்த வருசமே மோல்டிங்ல இருந்து ஸ்டோர்சுக்கு மாத்தினாரு பெரியவரு, ஏசிக்குள்ள உக்காந்த மாதிரி. ‘நீயாச்சும் விசுவாசமா இருக்கறயேடா’ன்னாரு. எங்க பையனும் இப்ப அங்கதான், சூப்பர்வைசர். ஆயுத பூசைக்கு இன்னமும் என்னைத்தான் கூப்பிடறாங்க, ரயிலு பண்றேன், சால்வை போத்தறாங்க.

ஊரை விட்டுப் போறதுக்கு முன்னால மருதாசலம் என் ஊட்டுக்கு வந்தான். இதே வாசல். நான் கேட்டேனுங்க. விடலை. ‘ஏனுங்க சார், என் குரலை உங்க குரல்னு சொன்னீங்க?’ அவன் என்னைப் பாத்தான். உள்ள பசங்க வெளையாடிட்டிருந்தாங்க, அவங்களைப் பாத்தான். ‘விடு திருமூர்த்தி’ன்னான். விடு! களவாண்டவன் பறிகொடுத்தவன்கிட்ட ‘விடு’ங்கறான்! பாப்பாத்தி என்னடான்னா அவன் முன்னால கையெடுத்துக் கும்பிட்டு அழுதா. எதுக்கு அழுதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. பொம்பளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் அழுகை.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னானா? யாரு சொன்னது உங்களுக்கு? நான் கேட்டேனா அவனை? காப்பாத்துன்னு கேட்டேனா? கேக்காம எதுக்குக் காப்பாத்தறான்?

அதெல்லாம் பேசாதீங்க. விசயத்துக்கு வாங்க. குரல் குடுக்கணும்னா என்ற பேரை போர்டுல போடணும். மேல. பெருசா. போடறீங்களா?

போடறீங்களா!

யோசிக்காம சொல்லிட்டீங்களே. சரி. அப்பச் சரி. ரெக்கார்டு பண்ணலாம். போனை வெளிய எடுங்க. ம்ம், தொண்டையைக் கொஞ்சம் சரி பண்ணிக்கறேன். ம்க்கூம். என்ன எழுதப்போறீங்க போர்டுல? அதை மொதல்ல சொல்லுங்க. கேக்கறதுக்கு நல்லாருக்கணும்ல.

‘இந்த விளையாட்டைப் புகழ் பெறச் செய்தது இதன் குரல்.’ ஆகா. ‘அக்குரல் ஃபவுண்டரி உரிமையாளர் சென்னியப்பனுடையதைப் போலச் செய்யப்பட்டது…’ ம். ‘அதனாலேயே நிறுவனம் மூடப்பட்டது. குரல்: திருமூர்த்தி.’

மூடப்பட்டது வேணுமா தம்பி?

வரலாறு. அது சரி. வரலாறுன்னா எழுதித்தானே ஆகணும். சும்மா கேட்டேன்.

தொறந்து வெக்கறது யாருன்னீங்க? யாரோ பெரிய ஆளாத்தான் இருக்கும். யாரு? பெரியவரோட பையனா? இப்ப பவுண்டரியை நடத்தறாரே, அவரா? அவருதான் ஹாலுக்கே பணம் குடுத்திருக்காரா. ம். அவருதான் மொத ஆட்டம் ஆடுவாரா. ஆடிட்டு… போர்டைப் படிப்பாரா.

படிப்பாரு. அவரு நல்லாப் படிப்பாரு. அப்பா மேல அவருக்கு ரொம்பப் பாசமுங்க. ஆபீஸ்ல ஆளுயரத்துக்குப் போட்டோ வெச்சு தெனமும் மாலை போடறாரு.

தம்பி. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வரலாறுன்னா ஆதாரம் வேணும்ல? அன்னைக்கு அங்க அத்தனை பேரு இருந்தாங்க. கேட்டது யாரு? பெரியவரு. பதில் சொன்னது யாரு? மருதாசலம். வாய்விட்டு. அவனா ஒத்துக்கிட்டான். நான் ஒரு வார்த்தை பேசினேனா? நான் வாயே தொறக்கலைங்க. சாட்சி இருக்குது. அப்படியிருக்கும்போது நாளைக்கு நீங்க என் பேரைப் போட்டா, நாலு பேரு உங்க காலேஜைத்தான் கேள்வி கேப்பாங்க. உங்களுக்கு எதுக்கு அந்தச் சங்கடம்?

குரலா? குரல் குடுக்கறேன். அதுக்கென்ன, இப்பவே குடுக்கறேன், போனை ஆன் பண்ணுங்க. பேரு மட்டும் மருதாசலம்னு போட்டுருங்க. கொஞ்சம் பெருசாவே போடுங்க. பாவம், அவனும் நொந்துபோயி கெடக்கறான், ஒரு ஆறுதலா இருக்கும். எனக்கு இந்தப் பேரு கீரு மேலெல்லாம் எப்பவுமே ஆசை இருந்ததில்லைங்க.

உள்ள என்ன புள்ள சிரிப்பு?